பிராணி காட்டும் மாமா

குழந்தையைக் கண்டால் சும்மா இருக்க முடியாத பெரியவர்களில் பல ரகம் உண்டு. கன்னத்தைக் கிள்ளுகிறவர்கள் ஒரு ரகம். மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறவர்கள் இன்னொரு ரகம்; பார்க்கிற தாய் பதறி ஓடி வருவாள் என்றாலும், கை வலித்ததும் அவர்கள் தாமாகவே ஓய்ந்துவிடுவார்கள். மூன்றாவது ரகத்துக்குக் கை வலிக்காது. ஏனென்றால் அவருக்கு வேலை முழுக்க வாயில். அவர்தான் பிராணி காட்டும் மாமா.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக, யார் இடுப்பில் குழந்தை இருக்கிறது என்று பார்த்து, கேட்காமலே பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், "அதோ பாரு, அதோ பாரு, யாரு வந்திருக்கா? காக்கா!" என்று ஆரம்பித்திருப்பார். அந்தக் குழந்தை பிறந்த நாள் முதல் காக்கையைப் பார்த்து வருகிறது. முந்தாநாள் அதே காக்கை அதன் கையிலிருந்த முறுக்கைப் பறித்துக்கொண்டும் போயிருக்கிறது. இருந்தால் என்ன? முறைப்படி ஒருவர் அறிமுகம் செய்து வைக்க வேண்டாமா? "காக்கா மாமாவுக்குக் கும்பிடு போடு" என்று, அதன் இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்துக் கும்பிட வைத்துவிட்டுத்தான் விடுவார்.

அவர் அகராதியில் உறவில்லாத பிராணியே கிடையாது. காக்கை மாமா, பூனை அத்தை, கரடி சித்தப்பா, யானை தாத்தா. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு உண்டு. வீட்டில் பெண்டாட்டி உண்டு, இரண்டு பிள்ளைகள் உண்டு. எலியின் வளைக்குள்ளே அடுப்பங்கரை இருக்கிறது, அங்கே எலி மாமி தோசை வார்க்கிறாள். சிங்கம் குகையை விட்டுக் காலையில் ஆபீசுக்குப் புறப்பட்டுப் போய்ப் பொழுது சாய்ந்ததும் திரும்பி வருகிறது. எல்லாப் பிராணிகளும் ஏழு மணிக்குச் சமர்த்தாகத் தூங்கிவிடுகின்றன. ஆந்தையைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

காலையில் 'நல்ல நாய், நன்றியுள்ள நாய்' என்று தடவிக் கொடுக்கச் சொன்ன அதே நாய், குழந்தை சோறு வேண்டாம் என்று தலையை ஆட்டியதும் போலீஸ்காரனாக மாறிவிடும். "இந்தா, சாப்புடலேன்னா நாய் வந்து காதைக் கடிச்சிட்டுப் போயிடும்!" நாய்க்கு இந்த விஷயம் தெரியாது. அது தெருக்கோடியில் தன் பாட்டுக்குச் சொறிந்துகொண்டு படுத்திருக்கும்.

இத்தனையும் எதற்கு என்கிறீர்கள்? பரீட்சைக்கு. நாலு பேர் வந்து உட்கார்ந்து காபி சாப்பிடும் நேரத்தில் குழந்தையை நடுக்கூடத்தில் நிறுத்தி, "மாடு எப்படிக் கத்தும்? காட்டு. சிங்கம்? ஊம், சத்தமா!" என்று கேட்பார். குழந்தை வாயைத் திறக்காது. அப்போது வந்தவர்களுக்காக இவரே கத்திக் காட்டுவார். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்துக்காகத்தான் இவர் காத்திருந்ததே.

சிதம்பரம் வடக்கு வீதியில் இருந்த கனகசபேசன் இந்த இனத்தில் சுத்தமான வித்து. கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. பகல் முழுதும் வாயைத் திறக்காமல் ஊரார் சண்டையை எழுத்துக்கு எழுத்து நகல் எடுக்க வேண்டிய வேலை. அப்படி அடக்கி வைத்த பேச்செல்லாம் சாயங்காலம் எங்கேதான் போகும்? அவருக்கும் சாரதாம்பாளுக்கும் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், பிள்ளை இல்லை. அதனால் தெருப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டன. பிள்ளையைப் பெற்றவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் குழந்தையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் அந்த வீதியில் அப்படித்தான் வந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் பங்குனியில், கடலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை பார்வதம் இரண்டாவது பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கூடவே நாலு வயசு மூத்த பெண் புஷ்பவள்ளி. கனகசபேசனுக்குக் கைகால் நிலைகொள்ளவில்லை. கதவைச் சாத்திக்கொள்ள முடியாத குழந்தை ஒன்று, அவர் வீட்டிலேயே!

எட்டே நாளில் சிதம்பரத்தின் பிராணிகள் தீர்ந்துபோயின. காக்கை, மாடு, ஆடு, கழுதை, நாய். மறுபடி காக்கை. ஒன்பதாம் நாள் புஷ்பவள்ளி, "மாமா, இது நேத்து காட்டுன காக்காதான்" என்று சொல்லிவிட்டாள். வேறு மனிதராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். கனகசபேசன் யோசித்தார், தவித்தார். ஆனி மாதம் பிறந்ததும் வழி பிறந்தது. திருமஞ்சனத் திருவிழாவுக்காகக் கோயிலில் சாமி வாகனங்களை எடுத்துத் துலக்க ஆரம்பித்திருந்தார்கள். எலி முதல் யானை வரை எல்லாம் ஒரே மண்டபத்தில். கடிக்காது, உதைக்காது, ஓடாது. ஒரு பிராணி காட்டும் மாமாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புஷ்பவள்ளியைத் தோளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

"இது ரிஷபம். இது யானை. இது மயிலு. இது பூதம்!"

புஷ்பவள்ளி பூதத்தின் பல்லை எண்ணிவிட்டுக் கேட்டாள்: "இதெல்லாம் எங்க இருக்கும் மாமா?"

"இங்கதான். இந்த மண்டபந்தான் அதுங்களுக்கு வூடு."

"என்ன திங்கும்?"

பதிலைத் தேடிக் கனகசபேசன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். எதிரே இரண்டு ஆட்கள் ரிஷபத்தின் வாயில் புளியை அப்பிப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வந்துவிட்டது.

"புளி" என்றார்.

"எல்லாத்துக்கும் புளிதானா?"

"எல்லாத்துக்கும் புளிதான். தின்னுட்டு நாலாம் நாளு பூதம் வெளிய வரும், அஞ்சாம் நாளு ரிஷபம், ஆறாம் நாளு யானை. சாமியத் தூக்கிட்டு நாலு வீதியும் சுத்திட்டு வந்து, துணியப் போத்திக்கிட்டு மார்கழி வரைக்கும் தூங்கும்."

"மேல தலைகீழா என்னமோ தொங்குதே மாமா? அசையுது!"

"அது ஒண்ணும் இல்ல, வௌவாலு. நீ இங்க பாரு, யானையப் பாரு" என்று அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். அந்த மண்டபத்தில் உயிரோடு இருந்த பிராணி அது ஒன்றுதான்.

சொன்னது சொன்னபடி அஞ்சாம் நாள் ரிஷபம் வந்தது. அந்த நாளோடு புஷ்பவள்ளிக்கு உலகத்துப் பிராணிகள் எல்லாவற்றின் சூட்சுமமும் விளங்கிப்போயிற்று. எதைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: "மாமா, இது யாரைத் தூக்கும்?" கனகசபேசன் அசரவில்லை. நாய்? பைரவரை. காக்கை? சனீஸ்வரனை. கழுதை? வெளுக்கிற துணியை. எருமை? யோசிக்காமல் "எமனை" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பூனையில் மட்டும் மாட்டிக்கொண்டார். தெரிந்த புராணத்தையெல்லாம் புரட்டிப் பார்த்தார், கோயிலில் நாலு பேரைக் கேட்டார். பூனைக்கு எந்தச் சாமியும் வேலை கொடுத்ததாகத் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் புஷ்பவள்ளி தன் பங்குப் பாலைக் கொல்லைப்புறத்துப் பூனைக்கு ஊற்றிவிட்டாள். சாரதாம்பாள் திட்டவில்லை, அவளுக்கு வேறு பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

ஆவணியில் பார்வதம் கைக்குழந்தையும் மூத்ததுமாகக் கடலூருக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கேதான் வெடித்தது.

பார்வதத்தின் புருஷன் தேவநாதன் கலெக்டர் ஆபீசில் வேலை. எதையும் பட்டியல் போட்டுச் செய்கிற மனிதர். கடலூர் செம்மண்டலத்தில் அமிர்தம் என்கிற அம்மாள் சென்னைப்பட்டணத்தில் புது முறையில் பயிற்சி பெற்று வந்து சின்னஞ்சிறுசுகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்திருந்தாள். அடி கிடையாது, மனப்பாடம் கிடையாது, பன்னிரண்டே இடம். விஜயதசமியன்று குழந்தைகளைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வாளாம். ஆடு, மாடு படமெல்லாம் காட்டிக் கேள்வி கேட்பாளாம். தேவநாதன் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார்.

"மாடு என்ன சாப்பிடும், பாப்பா?"

"புளி."

மூன்றாம் நாள் வடக்கு வீதிக்குக் கார்டு வந்தது. 'மச்சானுக்குத் தேவநாதன் எழுதியது. இங்கு யாவரும் க்ஷேமம், புஷ்பவள்ளியின் அறிவைத் தவிர. மாடு புளி தின்பதாகவும், யானையை முப்பது ஆள் தூக்குவதாகவும், பூதம் ஒரு பிராணி என்றும் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காமல் போனால், மார்கழித் திருவாதிரைக்கு அவளை அங்கே அனுப்புவதாக இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.'

கனகசபேசன் அதைப் படித்துவிட்டுச் சாரதாம்பாளிடம் நீட்டினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். திருவாதிரைக்கென்று புஷ்பவள்ளிக்கு ஒரு பாவாடை தைத்து, மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்திருந்தாள் அவள்.

"பதினெட்டு வருஷத்துல இந்த வூட்டுல அஞ்சு மாசம் ஒரு புள்ள சத்தம் கேட்டுச்சு. உங்க வாயால அதுவும் போச்சு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் கனகசபேசனுக்குக் கொஞ்சம் தேவலாம் போல் இருந்திருக்கும். அந்தக் குழந்தை இனி வரப்போவதில்லை என்றால் தன்னால் தாங்க முடியாது என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

லீவு எழுதிப் போட்டுவிட்டு, விஜயதசமிக்கு நாலு நாள் முன்னால் கடலூருக்குக் கரி பஸ் ஏறினார். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கட்டிய அடுப்பில் கரி எரிந்தால் வண்டி நகரும், அணைந்தால் நிற்கும். நெஞ்சில் இவ்வளவு பாரம் இருந்ததே, வழியிலாவது சும்மா வந்தாரா? பரங்கிப்பேட்டைக்குப் போகிற ஓர் அம்மாள் மடியில் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. வயலில் ஒரு கொக்கு. "ஐயோ, கொக்கு போயிடப் போவுதே!" என்று அந்தக் குழந்தையைத் தட்டி எழுப்பிவிட்டார். கொக்கு பறந்துவிட்டது. குழந்தையின் அழுகை நிற்கவில்லை. அந்த அம்மாள் தன் ஊர் வந்து இறங்கும்போது ஒரு பார்வை பார்த்தாள். கோர்ட்டில் கைதிகள்கூட யாரையும் அப்படிப் பார்த்து அவர் பார்த்ததில்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த தேவநாதன் வீட்டில் நாலு நாளும் திருத்த வேலை நடந்தது. ஒரு பக்கம் தேவநாதனின் பட்டியல்: மாடு, தொழுவம். குதிரை, லாயம். சிங்கம், குகை. எலி, வளை. இன்னொரு பக்கம் கனகசபேசனின் வாபஸ்.

"பாப்பா, மாடு புல்லுதான் திங்கும். மாமா தப்பா சொல்லிட்டேன்."

"ரிஷபம்?"

"அது வேற."

"அதுக்கும் கொம்பு இருக்கே. திமிலு இருக்கே. ஏன் வேற?"

"அது... சாமியோடது."

"அப்ப இந்த மாடு யாரோடது?"

"இது பால்காரரோடது."

"பால்காரரை இது தூக்குமா?"

அடுத்த அறையிலிருந்து தேவநாதன், "மச்சான், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், நீங்க திருத்த வேணாம்" என்றார். "அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க, அது நாலு நாளா சோறே ஒழுங்கா சாப்புடல" என்று பார்வதம் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

விஜயதசமியன்று காலையில் மழை விட்டிருந்தது. அமிர்தத்தம்மாள் பாயில் குழந்தைகளோடு சரிசமமாக உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களுக்குச் சுவரோரம் பெஞ்சு. "நீங்க யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எது நடந்தாலும் பேசக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கனகசபேசன் எல்லாருக்கும் முந்தித் தலையை ஆட்டினார்.

முதல் படம் மாடு. "இது எங்க இருக்கும்மா?"

"தொழுவத்துல."

தேவநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சாப்பிடும்?"

புஷ்பவள்ளி அப்பாவைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். யாருக்கும் மனசு நோகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. "கடலூர்ல புல்லு. சிதம்பரத்துல புளி" என்றாள்.

அமிர்தத்தம்மாள் சிரிக்கவில்லை. அடுத்து யானையை எடுத்தாள். "காட்டுல இருக்கும்னு அப்பா சொன்னாங்க. ஆறாம் நாளு வரும். முப்பது பேரு தூக்குவாங்க. அது சாமியத் தூக்கும்." பூனையைக் காட்டியதும் குழந்தையின் முகம் வாடிவிட்டது. "இது பாவம். இதுக்கு மட்டும் யாருமே இல்ல." எலி விநாயகரைத் தூக்கியது, மயில் முருகனைத் தூக்கியது, சிங்கம் வரைக்கும் போய்ப் படம் தீர்ந்தது. புஷ்பவள்ளி படக் கட்டைக் கையில் வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

"பூதம் எங்க?"

அந்த அம்மாளும் மரியாதைக்காகப் பெட்டிக்குள் தேடிப் பார்த்தாள். "பூதம்னு ஒரு பிராணி இல்லையே, கண்ணு."

கனகசபேசன் எழுந்துவிட்டார். "இல்லேன்னு எப்படிங்கம்மா சொல்றீங்க? மார்கழியில நாலாம் நாளு வந்து பாருங்க! வெள்ளிப் பூதம்! கண்ணு இத்தாம் பெருசு!"

"மச்சான்!" என்று பல்லைக் கடித்தார் தேவநாதன்.

அமிர்தத்தம்மாள் படக் கட்டை எடுத்து மூடி வைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது. கனகசபேசன் பெஞ்சில் உட்காரவில்லை, விழுந்தார். ஊருக்குப் போய்ச் சாரதாம்பாளிடம் என்ன சொல்வது? பெட்டியைத் திறந்து அந்தப் பாவாடையை அவள் என்ன செய்வாள்? வாய் இல்லாமல் பிறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

அந்த அம்மாள் வெளியே போய், மழையில் நனைந்த வேலியிலிருந்து பூவரச இலை ஒன்றைப் பறித்து வந்து பாயில் வைத்தாள். இலையின் மேல் ஒரு நத்தை. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "இதைக் கொஞ்ச நேரம் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். புஷ்பவள்ளி குத்துக்காலிட்டு, மூக்கு இலையில் படுகிற அளவுக்குக் குனிந்துகொண்டாள்.

பிராணி காட்டும் மாமா ஒருவர் எதிரே ஒரு பிராணியும் ஒரு குழந்தையும் பேச்சில்லாமல் இருப்பது எப்பேர்ப்பட்ட கொடுமை தெரியுமா? நத்தைக்கு என்ன உறவுமுறை, அதன் பெண்டாட்டி பேரென்ன, பிள்ளைகள் எத்தனை, எல்லாம் கனகசபேசனின் தொண்டைக்குள் திரண்டு நின்றன. வாயில்லாமல் பிறந்திருக்கலாம் என்று இப்போதுதானே நினைத்தார்? அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது!

"நத்தை மாமா!" என்று கத்திவிட்டார். "பாப்பா, நத்தை மாமாவுக்குக் கும்பிடு போடு!"

நத்தை வெடுக்கென்று கூட்டுக்குள் போய்விட்டது.

புஷ்பவள்ளி திரும்பினாள். கோபமில்லை, கெஞ்சினாள். "மாமா, சும்மா இருங்க மாமா. அது உள்ள போயிடுச்சு."

அப்போது நடந்ததை வடக்கு வீதியில் இன்றைக்குச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கனகசபேசன் சும்மா இருந்தார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. துண்டை எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த தேவநாதனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "ஈரத்துல இருக்கும்னு சொல்லு பாப்பா" என்றார் மெதுவாக. "அப்பா, சும்மா இருங்க" என்றாள் குழந்தை. "இலைய திங்கும்னு சொல்லு" என்றார். மறுபடி, "அப்பா!" கொஞ்ச நேரம் கழித்து, "மெதுவாப் போகும்னாவது சொல்லேன்" என்றார்.

கடைசியில் அமிர்தத்தம்மாள் பார்த்த பார்வையில் அவரும் அடங்கினார். மழைச் சொட்டு ஓட்டிலிருந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது. வெகு நேரம் கழித்து நத்தை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

"கொம்பு நீட்டுது" என்றாள் புஷ்பவள்ளி, காதோடு காதாகச் சொல்கிற குரலில். "நாலு கொம்பு. ரெண்டு பெருசு, ரெண்டு சின்னது. பெரிய கொம்பு நுனியில கண்ணு." பிறகு நிறைய நேரம் பார்த்தாள். நத்தை இலையின் நரம்பைத் தாண்டியது. அவள் தலையை நிமிர்த்தினாள். "டீச்சர், இது யாரையும் தூக்கல. அது வூட்டத்தான் தூக்கிக்கிட்டுப் போவுது. யாராச்சும் கத்துனா வூட்டுக்குள்ளயே போயிடலாம்னு."

அமிர்தத்தம்மாள் நோட்டை எடுத்துப் பெயரை எழுதினாள். "திங்கக்கிழமை காலையில கொண்டாந்து விடுங்க" என்றாள். எழுதி முடித்துவிட்டுப் பெஞ்சைப் பார்த்து, "வாசக் கேட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டா போதும். ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்" என்றாள்.

ஜட்கா வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது கனகசபேசன் துண்டைப் பிழிந்து உதறினார். இடம் கிடைத்துவிட்டது, கார்டில் எழுதிய நிபந்தனையும் தீர்ந்துவிட்டது. வாய் விட்டுக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. "மாப்ளே, அப்ப திருவாதிரைக்குப் பாப்பாவை..."

"எதுக்கு மச்சான்?" என்றார் தேவநாதன். சந்தோஷத்தில் அவர் ஆளே மாறியிருந்தார். "என்ன கவனமா பாக்குறா, பாத்தீங்கல்ல? எல்லாம் என் பட்டியலாலதான். இனிமே இவளை வெளியூருக்கு அனுப்பறதா இல்ல. எல்லாப் பிராணியையும் நானே காட்டப் போறேன். பாப்பா, இதோ பாரு, முன்னால! குதிரை! குதிரை எங்க இருக்கும்?"

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் புஷ்பவள்ளி. குதிரையின் காது ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலுமாகத் திரும்புவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாயத்துல! என்ன திங்கும்? கொள்ளு! எப்படிக் கத்தும்?" தேவநாதன் கனைத்தே காட்டிவிட்டார். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். குதிரையும் ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுத்தான் போயிற்று. கெடிலம் ஆற்றுப் பாலம் வந்ததும் எருமைகள். பாலம் தாண்டியதும் வாத்துகள். "அதோ பாரு! இதோ பாரு!" புஷ்பவள்ளி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கனகசபேசன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தெம்பில்லை. இந்தக் குழந்தை இனித் தனக்கு இல்லை என்று மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்து, வண்டியின் பின்பக்கமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வாசலில் பார்வதம் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். "இடம் கெடச்சுதா?"

"கெடச்சுது" என்று தேவநாதன் வாயைத் திறப்பதற்குள் புஷ்பவள்ளி வண்டியிலிருந்து சரிந்து இறங்கி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பள்ளிக்கூடம் லீவு வுட்டதும் நான் மாமா ஊருக்குப் போவணும்."

"ஏன்டி? சாமி பாக்கவா?"

"இல்ல. மாமாவைச் சும்மா இருங்கன்னா சும்மா இருக்காரு. அப்பாவைச் சொன்னா இருக்கவே மாட்டேங்குறாரு."

தேவநாதன் என்னென்னவோ சொல்ல வந்தார். பட்டியலில் இதற்குப் பதில் இல்லை. பார்வதம் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "நல்லா வேணும்! அண்ணே, திருவாதிரைக்கு நானே அழைச்சிட்டு வந்து வுடறேன். அண்ணிகிட்ட சொல்லு" என்றாள். கனகசபேசன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல், திண்டாடி, செருப்பைக் கழற்றுவது போல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயது வரையில் பேசிப் பேசிச் சம்பாதிக்காத ஒன்றை, அரை மணி நேரம் பேசாமல் இருந்து சம்பாதித்திருந்தார் மனுஷர்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். அந்த இனத்துக்குத் திருந்தும் வழக்கம் கிடையாது. தேவநாதனைப் பார்த்தீர்கள் அல்லவா? அரை மணி நேரம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கே ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீங்கள் அந்த ரகம் இல்லை, தெரியும். ஆனாலும் ஒன்று சொல்லி வைக்கலாம். அடுத்த தடவை ரயிலில் போகும்போது எதிர்ப் பலகையில் ஒரு குழந்தை, கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் எதையோ பார்த்துக்கொண்டு வரும். வெளியே ஓர் ஆடு மேயும். உங்கள் நாக்குக்கு அடியில் மெல்ல ஒரு நமைச்சல் எடுக்கும். கை தானாக நீளும், ஆள்காட்டி விரல் ஜன்னல் பக்கம் திரும்பும், "அதோ பாரு..." என்று கேட்கிற குரல் யாருடையது என்று நீங்களே திகைப்பீர்கள். அப்போது அந்தக் குழந்தை ஆட்டை விட்டுவிட்டு மெதுவாக உங்கள் பக்கம் திரும்பும். கண் கொட்டாமல் பார்க்கும். நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள், என்ன தின்கிறீர்கள், ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று.